‘அப்ளிகேஷன்’ என்றொரு மூன்றாம் வகுப்பு பி.காம்.

இந்தியாவில் அன்று கதவைத் திறந்து வைத்திருந்த பாங்குகள் அத்தனையிலும் வேலை கேட்டவன் ஒருவன் உண்டென்றால், அது எங்கள் ‘அப்ளிகேஷன்’தான். கதவை மூடிவிட்ட பாங்கில்கூடக் கேட்டிருக்கிறான். நான் அளப்பதாக நினைப்பவர்கள் அந்தக் காலத்து ராயபுரம் தபால்காரர் யாரையாவது தேடிப் பிடித்து விசாரித்துக்கொள்ளலாம். எங்கள் லாட்ஜுக்கு வரும் கடிதங்களில் பாதி அவனுக்கு. மீதிப் பாதியிலும் இரண்டு மூன்று அவனுக்கு.

சுதந்திரம் வந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். நான் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பி.ஏ. பட்டத்தோடு வந்து, துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி நோட்டில் கோடு போடுவது உத்தியோகம். கோடு போட பி.ஏ. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கயிற்றுக் கடை ஒன்றின் மாடியில் லாட்ஜ். அறைக்கு இரண்டு பேர். என் அறையில் எனக்கு முன்பே இருந்தவன் அப்ளிகேஷன்.

அவன் உள்ளூர்க்காரன். ராயபுரத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவரும் போய், அம்மா அதற்கு முன்பே போய், வாடகை வீட்டையும் விட்டுவிட்டு லாட்ஜுக்கு வந்தவன். உறவென்று திருவொற்றியூரில் ஓர் அக்கா. தபால் உறைகளில் நீளமாக ஒரு பெயர் இருக்கும். அது தபால்காரருக்கு மட்டும்தான் தேவைப்பட்டது. மற்ற எல்லாருக்கும் அவன் அப்ளிகேஷன்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஒன்றில் புக்கீப்பிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனிடம் படித்தவர்கள் முதல் வகுப்பில் தேறினார்கள். அவன் மட்டும் பி.காமில் மூன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்புக்கு நாலு மார்க் குறைவு. அந்த நாலு மார்க் அவனுக்கும் உலகத்து பாங்குகளுக்கும் நடுவில் துறைமுகத்துச் சுவர் மாதிரி நின்றது. பாங்குகள் அன்று விளம்பரம் கொடுத்தால், சம்பளத்தைச் சொல்கிறார்களோ இல்லையோ, ‘முதல் அல்லது இரண்டாம் வகுப்பில் தேறியவர்கள் மட்டும்’ என்பதை மறக்காமல் சொல்லிவிடுவார்கள். அப்ளிகேஷன் அந்த வரியின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு மீதி விளம்பரத்தைப் படிப்பான். “நமக்குன்னே போட்டுகிறான் பா!” என்பான்.

பேசுவதெல்லாம் ராயபுரத்துப் பாஷை. எழுதினால் வெள்ளைக்காரத் துரை எழுந்து நின்று படிக்கும் இங்கிலீஷ். இரண்டும் ஒரே ஆசாமியிடமிருந்து வருவதை நம்ப எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

மூடிய பாங்குக் கதைக்கு வருகிறேன். அந்த நாளில் பாங்குகள் திடீர் திடீரென்று படுத்துவிடும். அப்படித் திவாலாகிச் சீல் வைக்கப்பட்ட ஒரு பாங்குக்கு, செய்தி தெரியாமல் இவன் விண்ணப்பம் போட்டுவிட்டான். கோர்ட்டார் நியமித்த அதிகாரி ரொம்ப மரியாதைக்காரர் போலிருக்கிறது. ‘தற்சமயம் காலியிடம் ஏதும் இல்லை’ என்று பதில் எழுதியிருந்தார். அப்ளிகேஷன் அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

“பேங்கே காலி நைனா! ஆனா பேங்க்ல வேல காலி இல்லியாம்!”

வந்த மறுப்புக் கடிதங்களை அவன் எறிவதில்லை. அவற்றுக்கு வகுப்புப் போடுவான். அதற்கென்றே ஒரு சிவப்புப் பென்சில் இருந்தது. நல்ல காகிதம், ஏஜெண்டே (பாங்கு மேனேஜருக்கு அன்று அதுதான் பெயர்) மசியில் போட்ட கையெழுத்து, பிழையில்லாத இங்கிலீஷ் என்றால் முதல் வகுப்பு. கையெழுத்துக்கு ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருந்தால் இரண்டாம் வகுப்பு. பேரை மட்டும் கையால் நிரப்பிய அச்சுக் கடிதம் என்றால் மூன்றாம் வகுப்பு. கல்கத்தாவிலிருந்து ஒரு பாங்கு ‘ரிக்ரெட்’ என்ற சொல்லிலேயே எழுத்துப் பிழை விட்டிருந்தது. அதற்கு ஃபெயில் போட்டு, அடியில் ‘செப்டம்பரில் மறுபடி எழுதவும்’ என்று குறிப்பும் எழுதி வைத்தான்.

இன்னொரு வைராக்கியமும் இருந்தது. ரயிலில் மூன்றாம் வகுப்பில் ஏற மாட்டான். மேல் வகுப்புக்குக் கையில் காசு கிடையாது. ஆகவே ஞாயிறு தவறாமல் திருவொற்றியூர் அக்கா வீட்டுக்கு, கடலோர ரோட்டில், உச்சி வெயிலில் நடந்தே போவான். பக்கத்திலேயே ரயில் புகைவிட்டுக்கொண்டு போகும்.

“ஏறித் தொலையேன்டா” என்றேன் ஒரு தடவை, அவனோடு நடந்து பாதம் வெந்துபோன கோபத்தில்.

“ஒரு தபா தேர்டு கிளாஸ் வாங்னதே போதும் மாமு” என்றான்.

அன்றைக்குத்தான் அவன் அக்காவை முதலில் பார்த்தேன். புருஷன் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. எங்களுக்கு மீன்குழம்பு ஊற்றிச் சாப்பாடு போட்டாள். அப்ளிகேஷன் கை கழுவக் கொல்லைப் பக்கம் போனதும், நான் கேட்காமலே சொன்னாள்.

“அவன் மக்குப் பையன் இல்ல தம்பி. பரிட்ச நடக்க சொல்லோ எங்க நைனாவுக்கு டைபாய்டு. பதினெட்டு நாளு. ராத்திரி பூரா இவன்தான் ஈரத்துணி போட்டுகினு முய்ச்சினு கெடப்பான், காலீல எய்ந்து பரிட்சைக்குப் போவான். கடேசி பரிட்ச அன்னிக்கு நைனாவுக்கு மூச்சு ஒரு மாதிரி ஆயிட்ச்சு. நான் போமாட்டேன்னான். நான்தான், நைனா கண்ணு முய்ச்சி கேட்டா இன்னாடா சொல்றதுன்னு திட்டி, கழுத்தப் புட்ச்சுத் தள்ளி அனுப்னேன். இவன் பரிட்ச எய்திகினு கீறான், இங்க நைனா பூட்டாரு. கேள்விப் பேப்பர கையில வச்சிகினே வந்தான். வாசப்படியில ஜனங்களப் பாத்துட்டு அப்டியே நின்னுட்டான்.”

கொல்லைப் பக்கம் செம்பு வைக்கும் சத்தம் கேட்டதும் நிறுத்திவிட்டாள். என் இலையில் சோறு போட்டபடியே கிடந்தது. அப்ளிகேஷன் வந்து என் இலையைப் பார்த்து, “இன்னா பா, மீனு மொறச்சிப் பாக்குதா?” என்றான்.

திரும்பி நடக்கும்போது சொன்னேன். “நீ இந்த விஷயத்தை அப்ளிகேஷன்ல எழுதலாமேப்பா. நாலு மார்க் ஏன் குறைஞ்சதுன்னு தெரிஞ்சா, மனுஷனாப் பிறந்தவன் எவனாவது கூப்பிட மாட்டானா?”

அவன் நின்றுவிட்டான். அவன் முகத்தில் கோபத்தைப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

“எங்கப்பன் சாவ வச்சி வேல கேக்க சொல்றியா?”

ராயபுரம் வரைக்கும் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தான்.

மறுவாரம் ஒரு பெரிய பாங்கின் விளம்பரம் வந்தது. அப்ளிகேஷன் கட்டைவிரலை எடுத்துவிட்டு, மறைக்க வேண்டிய வரியை எனக்குக் காட்டினான். “நீ செகண்ட் கிளாஸ்தானே? போடு.” நான் மூட்டைக்குக் கோடு போடப் பிறந்தவன் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. விண்ணப்பத்தை அவனே எழுதினான். அதைப் படித்தபோது, இவ்வளவு யோக்கியதை உள்ள மனிதனை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கே ஆசை வந்தது. என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறதென்று புதிதாக ஒன்றைக் கற்றுக் கொடுத்தான். நூறு தடவை போட்டுப் பழகினேன். இன்று வரை என் கையெழுத்து அதுதான்.

இண்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. ஒரு வாரம் எங்கள் அறை பாங்காகியது. டிரங்குப் பெட்டி மேஜை. துண்டைக் கழுத்தில் டையாகக் கட்டிக்கொண்டு அப்ளிகேஷன்தான் வெள்ளைக்கார ஏஜெண்ட். நான் கதவைத் தட்டி உள்ளே வர வேண்டும். முதல் நாள் பதினோரு தடவை வெளியே துரத்தினான். ‘செருப்பு சத்தம் ஜாஸ்தி’, ‘சிரிப்பு கம்மி’, ‘சிரிப்பு ஜாஸ்தி’. பன்னிரண்டாவது தடவை நான் உட்கார்ந்ததும், துரையின் இங்கிலீஷில் வட்டிக் கணக்கு ஒன்று கேட்டான். நான் முழித்தேன். துரை டையைக் கழற்றி எறிந்தார். “தூ, எந்த கயிதடா உனுக்கு செகண்ட் கிளாஸ் குட்த்தது!”

வேலை கிடைத்தது. அப்ளிகேஷன் லாட்ஜ் முழுக்க மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தான். கீழே கயிற்றுக் கடைக்காரர், “இந்தத் தடவை உங்களுக்கா?” என்று கேட்டார். “இல்ல மொதலாளி, நம்ம தோஸ்துக்கு. எனக்குக் கெட்ச்சா ஜிலேபி!” என்றான்.

எனக்கு இன்வர்ட் செக்ஷன். வரும் தபாலை வாங்கிக் கையெழுத்துப் போட்டுப் பிரித்துக் கொடுக்கும் வேலை. ஆறு மாதம் கண்காணிப்பில் இருக்க வேண்டும், பிறகுதான் நிரந்தரம். ஐந்தாவது மாதம் எங்கள் பாங்கே மறுபடி ஆள் எடுக்க விளம்பரம் கொடுத்தது. வயது இருபத்தைந்துக்குள். அப்ளிகேஷனுக்கு இருபத்தைந்து முடிய இன்னும் ஒரே மாதம் இருந்தது. அதற்குப் பிறகு எந்த பாங்கும் அவன் விண்ணப்பத்தைப் பிரிக்கக்கூடச் செய்யாது.

“இதான் கடேசி” என்றான், சாதாரணமாக. என்னிடம் எந்த உதவியும் கேட்கவில்லை.

எங்கள் ஹெட்கிளார்க் அன்று காலையே என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “தேர்டு கிளாஸ் எதுவும் என் மேஜைக்கு வரக் கூடாது. தனியாக் கட்டிப் பரண்ல போட்டுடுங்க. அவங்களுக்குப் பதில் எழுதி ஸ்டாம்பை வீணாக்க வேண்டாம்.”

மூன்றாம் நாள், ரிஜிஸ்தர் தபால்களோடு அது வந்தது. உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்த எழுத்தில் எழுதுகிற கை வேறு கிடையாது. பெற்றுக்கொண்டதற்கான அட்டையில் கையெழுத்துப் போட்டுத் தபால்காரரிடம் கொடுத்தேன். பிரித்துப் படித்தேன். அப்பாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. வகுப்பை மறைக்கவும் இல்லை, இரண்டாவது வரியிலேயே சொல்லியிருந்தான். கடைசியில் மட்டும், ‘ஒரு மாதம் சம்பளமில்லாமல் வேலை பார்க்கச் சம்மதிக்கிறேன். திருப்தி இல்லையென்றால் காரணம் சொல்லாமல் அனுப்பிவிடலாம்’ என்று எழுதியிருந்தான்.

அதை இரண்டாம் வகுப்புக் கட்டின் மேல் வைத்தேன். ஹெட்கிளார்க் இருமினார். எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன், கட்டின் நடுவில். எனக்கு நிரந்தரமாக இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ஊரில் கல்யாணத்துக்கு ஒரு தங்கை. சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பு ஹெட்கிளார்க் எழுந்து என் பக்கமாக வந்தார். சும்மா ஜன்னலைச் சாத்தத்தான் வந்தார். அதற்குள் அப்ளிகேஷனின் விண்ணப்பம் மூன்றாம் வகுப்புக் கட்டுக்குள் போயிருந்தது. கயிறு போட்டு இறுக்கிக் கட்டியது இந்தக் கைதான். ஜன்னலைச் சாத்திவிட்டு அவர் போய்விட்டார். அதற்குப் பிறகாவது எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் நான் லாட்ஜுக்குள் நுழையும்போது சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான்.

“நம்ம கடுதாசி வந்துதா பா?”

“இன்னும் வரலியே.”

“சரி.” நூலைப் பல்லால் கடித்தான். “தபால்காரன் எங்கியாவது கோட்ட உட்டுகீறான் போல.”

ஒரு வாரம் கழித்து, ஆபீசில் வேறு ஏதோ அட்டையில் கையெழுத்துப் போடும்போதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. அந்த அட்டை அனுப்பியவனுக்குத் திரும்பிப் போகும். அதில் என் கையெழுத்து இருக்கும்.

மறுநாள் ஞாயிறு. அவன் மாதா கோயிலில் பூசை முடிந்து வரும் வரை லாட்ஜ் வாசலிலேயே நின்றேன். வந்ததும் வராததுமாகச் சொன்னேன். “உன் அப்ளிகேஷன் வந்தது. நான்தான் வாங்கினேன். நான்தான் ஒதுக்கிக் கட்டினேன்.”

“தெர்யும் பா.”

மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்துக் காட்டினான். “நான் உன்னிய கேட்டன் பாரு, அன்னிக்கு மத்தியானமே வந்துட்ச்சு. நான் சொல்லிக் குட்த்த கையெய்த்து, எனக்குத் தெர்யாதா?”

“பின்னே எதுக்குடா என்னைக் கேட்டே?”

“நீ இன்னா சொல்றேன்னு பாத்தேன். வரலன்னே. சர்தான், இவன் மன்சு ரொம்ப பேஜாராயிகீதுன்னு உட்டுட்டேன்.”

“நான் அதை செகண்ட் கிளாஸ் கட்டுலயே வச்சிருக்கணும்.”

“வச்சிருந்தா எனக்கும் வேல கெட்ச்சிருக்காது, உன் சீட்டும் கியிஞ்சிருக்கும். ஒர்த்தனாவது உள்ள கீறியே, அது போதாதா?”

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தேன். அப்போதுதான் பார்த்தேன், மூலையில் சிவப்புப் பென்சிலில் ‘முதல் வகுப்பு’ என்று எழுதியிருந்தது.

“இதுக்குப் போய் முதல் வகுப்பா?”

“மசி நல்லா கீது. கடேசி எய்த்துல கை நடுங்கிகீது. அதுக்கு ரெண்டு மார்க் கொறச்சுட்டேன்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். “அய்வாத பா. கீய போயி டீ துன்னலாம் வா.” டீயைத் ‘துன்னுவது’ அவன் வழக்கமான வேடிக்கை. அன்றைக்கு இருவருமே சிரிக்கவில்லை.

பிறந்த நாள் வந்தது, போனது. மறுநாள் அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “ஹார்பர்ல உன் பயய வேல காலியா கீதா?” நானே அழைத்துப் போய் என் பழைய மேஸ்திரியிடம் சேர்த்துவிட்டேன். பி.காம். என்று நான் ஆரம்பித்தபோது என் காலை மிதித்தான். மேஸ்திரி படிப்பைப் பற்றிக் கேட்கவேயில்லை. எண்ணத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

“தெர்யும் சார்” என்றான்.

அதன் பின் தனக்காக அவன் ஒரு விண்ணப்பமும் எழுதவில்லை. ஆனால் பரீட்சை முடிவு வரும் மாதங்களில், தண்டையார்பேட்டை, காசிமேடு, எண்ணூர் வரையிலிருந்து வேலை தேடுகிற பட்டதாரிகள் எங்கள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முதல் கேள்வி, “இன்னா கிளாஸு?” இரண்டாம் வகுப்பு என்றால் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவான். மூன்றாம் வகுப்பு என்றால் பக்கத்தில் உட்காரவைத்து, டீ வரவழைத்து, அவன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, பிறகுதான் பேனாவை எடுப்பான்.

எனக்குக் கல்யாணமாகி லாட்ஜை விட்டேன். பிறகு நாகபுரிக்கு மாற்றல். சென்ட்ரலில் வண்டி ஏற்ற வந்தான். கந்தகமும் நிலக்கரியும் இறங்கும் கப்பல்களில் நின்று நின்று அவனுக்கு இருமல் பிடித்திருந்தது. கேட்டால், “கப்பல் வாசன பா, கரையில எறங்குனா சரியாப் பூடும்” என்றான். என் மனைவியிடம், “இவன் வாயத் தொறந்துகினு தூங்குவான் மா, பொட்டிய நீ பாத்துக்கோ” என்று எச்சரித்தான். வண்டி நகர்ந்தபோது கூடவே கொஞ்ச தூரம் ஓடிவந்து, இருமல் வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் பார்த்த கடைசி அதுதான்.

இரண்டு வருஷம் கழித்து அவன் அக்காவிடமிருந்து நாலு வரிக் கடிதம். நெஞ்சு நோய். அடக்கம் முடிந்து பத்து நாளாகியிருந்தது. லீவு கிடைத்து நான் திருவொற்றியூர் வரும்போது இரண்டு மாதம் ஓடிவிட்டது.

அக்கா எனக்குச் சோறு போட்டாள். எதிரில் உட்கார்ந்து, “அன்னிக்கு நான் அவன பரிட்சைக்குத் தள்ளி அனுப்பி இருக்கக் கூடாது தம்பி” என்றாள். அந்த அட்டையைப் பற்றி நான் அவளிடம் சொன்னேன். ஜன்னலைச் சாத்த வந்த ஹெட்கிளார்க்கைப் பற்றியும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

“உன்னப்பத்தி ஒரு தபா கொற சொன்னதில்ல. என் தோஸ்து பேங்க்ல பெரிய ஆளா கீறான்னு ஊரெல்லாம் சொல்லிகினு கெடந்தான். சாப்புடு.”

நான் ரிட்டயர் ஆகி வெகு காலமாகிறது. இப்போது இருப்பது நகரத்தின் இன்னொரு கோடியில். ஆனாலும் மாதத்தில் ஒரு நாள் இரண்டு பஸ் மாறி ராயபுரம் போய், கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு வருகிறேன். எங்கே போனீர்கள் என்று வீட்டில் கேட்டால், அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது என்பேன். வேலை ஒன்றும் இல்லை.